மரியாம்பிள்ளை மாஸ்டரின் 'விட்டுக் குடு'

மாஸ்டர் மோசம் போய்விட்டார் என்று எங்கள் பழைய மாணவர் சங்கத் தலைவர் பரா அண்ணை போன் எடுத்துச் சொன்னபோது நான் லண்டன் கிங்ஸ்பரியில் என் கடையில் நின்று மரவள்ளிக் கிழங்கு நிறுத்துக்கொண்டிருந்தேன். கேட்டவுடன் அழவில்லை. "ஆர் சொன்னது?" என்றுதான் கேட்டேன்.

"மகள் ரெஜினாதான் சொன்னவ."

"மகளுக்கு ஆர் சொன்னது?"

"என்ன விசர்க்கதை கதைக்கிறாய், குணம்? மனுசன் இருந்ததே மகளின்ர வீட்டிலதானே!"

நான் கேட்டதில் பிழை இல்லை. மரியாம்பிள்ளை மாஸ்டரை அறிந்தவர்களுக்கு இது விளங்கும். பெரிய ஆட்டத்துக்கு முந்தின கிழமை தன் அணியின் நல்ல ஆட்டக்காரனுக்குக் கடும் வருத்தம் என்று ஊர் முழுக்கக் கதை பரப்பிவிட்டு, அதே பெடியனை முதல் ஆளாக மைதானத்துக்குள் இறக்குகிற மனுசன் அவர். அப்படிப்பட்டவர் செத்துப்போனார் என்று போனில் வந்தால் உடனே நம்புவதற்கு நான் என்ன சின்னப்பிள்ளையா? அதுவும் அடுத்த வருஷத்துக்குத் தலைமைப் பயிற்சியாளர் யார் என்று சங்கம் கூடித் தீர்மானிக்க இருந்த நேரம். ஏதோ உத்தி என்றுதான் முதலில் நினைத்தேன்.

மாஸ்டர் எங்களுக்கு முதல் நாள் சொல்லித் தந்ததும் இதைத்தான். "பந்தைப் பாக்காதை. முகத்தைப் பாக்காதை. எதிராளியின்ர இடுப்பைப் பார். மனுசன் கண்ணால பொய் சொல்லுவான், காலாலயும் சொல்லுவான். இடுப்பால மட்டும் ஏலாது." ஆகையால் குரோய்டனில் அவரைப் பார்வைக்கு வைத்திருந்த அன்று, கிட்டப் போனதும் என் கண் தானாகவே அங்கேதான் போனது. பெட்டி இடுப்புக்குக் கீழே மூடியிருந்தது. கோட்டும் கழுத்துப்பட்டியுமாக, விசில் ஊத முந்தி எப்படி நிற்பாரோ அதே முகம். ஒன்றையும் வெளியே விடாத முகம். நான் பெட்டியில் கையை வைத்துக்கொண்டு அசையாமல் நின்றேன். ரெஜினா வந்து என் தோளைத் தொட்டு, "குணம் மாமா, உண்மைதான்" என்றாள். அதற்குப் பிறகுதான் எனக்கு அழுகை வந்தது. வந்தால் வந்ததுதான், என் அழுகையைப் பார்த்துத் தேவாலயத்துப் பாதிரியார் ஆராதனையைக் கொஞ்சம் பிந்தித் தொடங்கினார் என்று சொல்வார்கள்.

சங்க மலருக்கு மாஸ்டரைப் பற்றி எழுத என்னைவிட்டால் ஆள் இல்லை. நான் ஓ.எல். வரை படித்தவன், அதையும் முழுசாக முடித்தேன் என்று சொல்லமாட்டேன். கணக்காளரான பரா அண்ணை எழுதி வைத்திருந்ததை வாங்கிப் பார்த்தேன். பிறந்த இடம் சரி, படித்த இடம் சரி, வகித்த பதவிகள் எல்லாம் சரி. மாஸ்டரைத்தான் காணவில்லை. ஆகவே நான் எழுதுகிறேன்.

அவர் ஊரில் எங்கள் கல்லூரி உதைபந்தாட்ட அணியின் தலைமைப் பயிற்சியாளராக இருந்த காலத்தில் நான் அந்த அணியின் மாற்றுக் கோல்காப்பாளன். மைதானத்துக்குள் இறங்கியது குறைவு. ஆனால் வெளியே நின்றபடியே நான் பல ஆட்டங்களின் போக்கை மாற்றியிருக்கிறேன். அப்போது இருந்தவர்கள் சாட்சி. மாஸ்டருக்கு யாரிலும் நம்பிக்கை கிடையாது. பயிற்சி நேரத்தில் மதகில் யாராவது குந்தியிருந்தால் உளவாளி என்பார். இடைவேளைக்கு வந்த தோடம்பழத்தை மணந்து பார்த்துவிட்டுத்தான் பெடியளுக்குக் கொடுப்பார். யார் ஆடுவது என்பதை விசில் ஊதுகிற நேரம் வரைக்கும் யாருக்கும் சொல்லமாட்டார். ஒருமுறை அதிபரே வந்து கேட்டார். "சேர், நீங்கள் நல்ல மனுசன். உங்களிட்டச் சொன்னா நீங்கள் உங்கட நல்ல மனுசியிட்டச் சொல்லுவியள்" என்றார் மாஸ்டர். அதிபர் சிரித்துக்கொண்டு போய்விட்டார். வேறொருவர் சொல்லியிருந்தால் வேலை போயிருக்கும்.

இவ்வளவு சந்தேகத்துக்கும் காரணம் ஒரே ஒரு ஆள். தண்டவாளத்துக்கு அங்காலைக் கல்லூரியின் தலைமைப் பயிற்சியாளர் கனகசபை மாஸ்டர். கனகர் என்பார்கள். இளமையில் இருவரும் ஒரே அணியில் ஆடியவர்கள். இவர் இடது கரை, அவர் வலது கரை. பிறகு ஆளுக்கொரு கல்லூரியில் ஆசிரியராகி, ஆளுக்கொரு அணியை எடுத்தார்கள். அன்றிலிருந்து வருஷாவருஷம் அந்தப் பெரிய ஆட்டம் வருகிற கிழமையில், ஒருவர் வீதியில் வந்தால் மற்றவர் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போவார்.

ஒரு வருஷம் எங்கள் சென்டர் போர்வேட்டுக்கு மஞ்சள் காமாலை, செங்கமாரி என்று மாஸ்டர் கதை கட்டினார். கதை மட்டும் போதாது என்று அவன் முகத்திலும் கையிலும் மஞ்சள் பூசி, போர்வையால் மூடி, சைக்கிளில் இருத்தி, அங்காலைக் கல்லூரி வாசலால் உருட்டிக்கொண்டு போக வைத்தார். மஞ்சளின் பதம் பார்த்துக் குழைத்தது நான். ஒரு வைத்தியர் வழியில் மறித்து மருந்து எழுதித் தரப் பார்த்தார், அவ்வளவு அச்சொட்டு! பின்னேரம் எங்கள் விளையாட்டு அறைக்கு ஒரு குலை செவ்விளநீர் வந்தது. கொண்டு வந்தவன் கனகர் சொல்லிவிட்டதை ஒப்புவித்தான்: "செங்கமாரிக்கு நல்லதாம். நாளைக்குக் கோல் அடிக்க முன்னம் பெடியனை ஒண்டு குடிக்கச் சொல்லட்டாம்."

மாஸ்டரின் முகம் சுருங்கிவிட்டது. "ஒருத்தரும் தொடாதேங்கோ! பேதிக்கு ஏதோ ஏத்தி விட்டிருக்கிறான்" என்றார். குலை அப்படியே கிடந்தது. அடுத்த நாள் நாங்கள் தோற்றோம். ஆட்டம் முடிந்து எல்லோரும் போனபிறகு நான் அறைப் பக்கம் போனேன். மாஸ்டர் பின்சுவரில் சாய்ந்திருந்து ஒரு கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுகையால் இளநீர் குடித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், "இதில ஒண்டும் கலக்கேல்லையடா, குணம்" என்றார். அந்தக் குரலில் இருந்தது கோபமா, வேறு ஏதாவதா என்று எனக்கு அன்றைக்கு விளங்கவில்லை.

பிறகு ஊர் எப்படி ஆனது, யார் எங்கே போனோம் என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். நான் ஜெர்மனி போய், அங்கே ஒரு பெரிய உணவகத்தையே என் கையில் வைத்து நடத்திவிட்டு லண்டன் வந்தேன். மாஸ்டர் பிரான்சில் கொஞ்சக் காலம் இருந்துவிட்டுக் குரோய்டனில் மகளிடம் வந்து சேர்ந்தார். அவருக்கு இங்கே முதல் வேலை எடுத்துக் கொடுத்ததும் நான்தான். எனக்குத் தெரிந்த ஒரு முதலாளியிடம், "இவர் பெரிய கோச், எங்கட ஊரிலயே இவரைப் போல கோச் இல்லை" என்று என் இங்கிலீஷில் விளாசினேன். முதலாளி மிகவும் சந்தோஷப்பட்டு உடனே வேலை கொடுத்தார். இரண்டு நாள் கழித்து மாஸ்டர் போன் எடுத்தார்.

"குணம், ஊரில கோச்சி எண்டா ரயில். இங்க கோச் எண்டா பஸ். உனக்குத் தெரியுமோ?"

"ஏன் மாஸ்டர்?"

"கோச் எண்டு சொல்லி விட்டாய். இப்ப நிண்டு கோச் கழுவுறன்."

ஆனாலும் அந்த வேலையை அவர் விடவில்லை. பஸ் கழுவுகிறவர்களை வைத்தே ஓர் அணி சேர்த்து, மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஆட வைத்தார் என்று கேள்வி. எங்கள் சங்கம் லண்டனில் எங்கள் பிள்ளைகளையும் சேர்த்து உதைபந்தாட்ட அணி தொடங்கியபோது தலைமைப் பயிற்சியாளர் யார் என்ற கேள்வியே எழவில்லை. நான் விளையாட்டுச் செயலாளர். மூளை நான், விசில் அவர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இனிச் சொல்லப்போவது போன வருஷத்து அரையிறுதி ஆட்டம். எங்களுக்கு எதிரே அங்காலைக் கல்லூரியின் பழைய மாணவர் அணி. அவர்களுக்குப் பயிற்சியாளர் கனகரின் மகன் சுதன். ஆட்டம் சமநிலையில் முடியப்போகிறது. பந்து எங்கள் ரூபனை நோக்கி உருண்டு வருகிறது. அவனுக்குப் பின்னால் எங்கள் ஆள் ஒருவன் ஓடிவருகிறான். மாஸ்டர் கோட்டோரம் நின்று, "விட்டுக் குடு!" என்று கத்தினார். மைதானத்து மொழியில் அதன் அர்த்தம், பந்தைத் தொடாமல் ஓடவிட்டுப் பின்னால் வருகிறவனுக்குக் கொடு என்பது. ரூபன் என்ன செய்தான்? நின்றான். விலகினான். எதிரணிக்காரனைப் பார்த்து, கலியாண வீட்டில் பந்திக்கு அழைப்பதைப் போலக் கையையும் நீட்டினான். அவன் பந்தை எடுத்துக்கொண்டு போய்க் கோல் அடித்தான்.

எனக்குப் பக்கத்தில் நின்ற பரா அண்ணையின் முகம் கறுத்துவிட்டது. "கேட்டியோ, குணம்? விட்டுக் குடு எண்டு வாய்விட்டே சொல்லுறார். எங்கட கோச் ஆட்டத்தை விட்டுக் குடுக்கிறார்!"

சுற்றி நின்ற ஐயாயிரம் சனத்துக்கும் அது கேட்டது. பேசிப் பேசியே அந்த ஒரு சொல்லை லண்டன் முழுக்கக் கொண்டுபோனார்கள். நான் மாஸ்டரிடம் நேரே கேட்டேன். "பிழை என்ர வாயில" என்றார். அதற்குமேல் ஒரு சொல் இல்லை. இவ்வளவு சுருக்கமாகப் பிழையை ஏற்கிற மனுசனில் யாருக்குத்தான் சந்தேகம் வராது?

இந்த வருஷம் சித்திரையிலும் வைகாசியிலும் நாங்கள் எல்லோரும் ஊரில் நடந்த போரை நிறுத்தச் சொல்லிப் பாராளுமன்றத்துக்கு முன்னால் சதுக்கத்தில் நின்றோம். அதைப் பற்றி நான் இங்கே எழுதப்போவதில்லை. அதற்குப் பிறகு எங்கள் சனத்தில் ஒருவரை ஒருவர் நம்பாத ஒரு குணம் வந்து ஒட்டிக்கொண்டது என்று மட்டும் சொல்கிறேன். யார் யாரோடு நின்றார், யார் யாரோடு கதைத்தார் என்பதே பேச்சு. ஆடித் தொடக்கத்தில் எங்கள் கமிட்டிக்காரர் ஒருவர் ஒரு செய்தி கொண்டுவந்தார். மாஸ்டர் ஒவ்வொரு புதன்கிழமையும் சட்டனில் கனகர் வீட்டுக்குப் போகிறாராம். கையில் எப்போதும் ஒரு பையாம்.

பரா அண்ணை கமிட்டியைக் கூட்டுவதாகச் சொன்னார். கோடையில் பாட்டும் கூத்தும் இல்லாமல், கையில் கறுப்புப் பட்டியோடு போட்டியை நடத்துவதென்று முடிவாகியிருந்தது. மாஸ்டருக்கு வயது போய்விட்டது. இதுதான் கடைசி என்று அவரே சொல்லியிருந்தார். அந்தக் கடைசி ஆட்டத்தில் அவர் கோட்டோரம் நிற்பதா, இல்லை துரோகி என்ற பெயரோடு வீட்டில் இருப்பதா என்பதைக் கமிட்டி தீர்மானிக்கும். அதற்கு முன்னம் உண்மையைக் கண்டுபிடிக்கிற பொறுப்பை என்னிடம் தந்தார்கள். வேறு யாரிடம் கொடுப்பார்கள்?

எனக்கு ஏற்கெனவே ஒரு சந்தேகம் இருந்தது. மாஸ்டர் கடைக்கு வரும்போதெல்லாம் பால் கேன் மூடி கேட்பார். நீல மூடி, பச்சை மூடி. பாலே விடாமல் வெறும் தேத்தண்ணி குடிக்கிற மனுசனுக்குப் பால் மூடி எதற்கு?

ஒரு புதன்கிழமை குரோய்டனில் இருந்து அவருக்குப் பின்னால் ரயிலில் ஏறினேன். தொப்பி, கறுப்புக் கண்ணாடி, கோடைகாலத்தில் கழுத்தைச் சுற்றி ஒரு மப்ளர். என் மனைவியே என்னை அடையாளம் கண்டிருக்கமாட்டாள். சட்டனில் இறங்கி, வீதி மாறி, ஒரு வீட்டு வாசலில் மாஸ்டர் நின்றார். திரும்பிப் பார்க்கவில்லை. கேற்றைத் திறந்து பிடித்துக்கொண்டே, "குணம், வா. வரேக்க கேற்றைச் சாத்திப்போட்டு வா" என்றார்.

உள்ளே முன்னறையில் கனகர் இருந்தார். எங்கள் காலத்தில் அவர் மைதானத்துக்குள் நடந்து வந்தால் நிலம் அதிரும். இப்போது சக்கர நாற்காலியில் ஒரு பக்கம் சரிந்து, மடியில் போர்வையோடு இருந்தார். பக்கவாதம். வலது கை எழும்பாது. வாய் கோணியிருந்தது. மாஸ்டர் பையைத் திறந்து மேசையில் மூடிகளைக் கொட்டினார். நீலம் எங்கள் அணி, பச்சை அவர்கள் அணி. ஒரு கடலைப்பருப்புத்தான் பந்து. இருவரும் ஆடத் தொடங்கினார்கள். கனகர் இடக்கையால் ஒவ்வொரு மூடியாக மெல்ல நகர்த்துவார். மாஸ்டர் காத்திருப்பார். தேத்தண்ணி வந்தது. கனகர் குடித்தபோது பாதி வழிந்தது. மாஸ்டர் தன் லேஞ்சியை எடுத்துத் துடைத்துவிட்டு, ஒன்றும் நடக்காதது போல ஒரு நீல மூடியை நகர்த்தினார். பிழையான இடத்துக்கு. எனக்கே தெரிந்தது அது பிழை என்று. பச்சை கோல் அடித்தது. கனகரின் வாய் ஒரு பக்கத்தால் சிரித்தது.

திரும்பி வரும்போது ரயிலடியில் மாஸ்டர் என் கையைப் பிடித்தார்.

"சதுக்கத்தில சுதனைக் கண்டு தேப்பனைப் பற்றி விசாரிச்சனான். அப்பதான் தெரியும். நீ பாத்ததை ஒருத்தருக்கும் சொல்லாதை, குணம்."

"மாஸ்டர், சொல்லாட்டி உங்களைக் கோட்டோரம் நிக்க விடமாட்டினம். கடைசி ஆட்டம்!"

"நிக்க விடாட்டி நான் சனத்தோட நிண்டு பாக்கிறன். அந்த மனுசன் ஒரு காலத்தில என்னை அழ வைச்ச ஆள். அவற்ற வாயால தேத்தண்ணி வழியுது எண்டு எங்கட சனம் ரோல்ஸ் திண்டுகொண்டு கதைக்கக் கூடாது. என்னை வேணுமெண்டா விட்டுக் குடு. அவனை விட்டுக் குடாதை."

கமிட்டி ஞாயிறு பின்னேரம் என் கடைக்கு மேல் அறையில் கூடியது. பரா அண்ணை மாஸ்டரைப் பார்த்து நேரே கேட்டார்: "மாஸ்டர், நீங்கள் சட்டனுக்குப் போறனீங்களோ?"

"ஓம்."

"எதுக்கு?"

"அது என்ர அலுவல்."

பரா அண்ணை என்னைப் பார்த்தார். "குணம், நீ பின்னால போனனீ. சொல்லு."

நான் எழும்பினேன். அன்றைக்கு நான் பேசியதைப் போல எங்கள் சங்கத்தில் யாரும் பேசியதில்லை, இனிப் பேசப்போவதும் இல்லை. மாஸ்டருக்கு இடுப்புப் பிடிப்பு என்றேன். கனகர் வீட்டுக்கு அடுத்த வீட்டில் ஒரு மலையாள வைத்தியர் இருக்கிறார் என்றேன். புதன்கிழமை மட்டும்தான் எண்ணெய் போடுவார். அந்த எண்ணெய் கேரளாவில் ஒரு மலையில் இருந்து வருகிறது. பையில் இருந்தது எண்ணெய்ப் போத்தல். இடுப்பைப் பார் என்று ஊருக்கெல்லாம் சொல்லித் தந்த மனுசன் தன் இடுப்பே போய்விட்டதென்று எப்படி வெளியில் சொல்லுவார் என்று கேட்டேன். இரண்டு பேர் கண்ணைத் துடைத்தார்கள். மாஸ்டர் நிலத்தைப் பார்த்தபடி இருந்தார். மெல்ல ஒரு கையை இடுப்பில் வைத்துக்கொண்டார். அந்தக் கை வைத்ததில்தான் விஷயம் நிலைத்தது.

பரா அண்ணை பேனையை மூடி வைத்தார். "சரி, மாஸ்டரே நிக்கட்டும்" என்றார். கூட்டம் கலைந்ததும் என்னைத் தனியே கூப்பிட்டு, "குணம், அந்த வைத்தியற்ற நம்பரைத் தாவன். எனக்கும் இந்தப் பக்கம் கொஞ்சம் பிடிக்குது" என்றார். அவரோடு நான்கு பேர் கேட்டார்கள். வைத்தியர் கேரளாவுக்குத் திரும்பிப் போய்விட்டார் என்று சொல்லவேண்டியதாயிற்று. பரா அண்ணை இதை வாசிக்கும்போது கோபிக்கக் கூடாது.

இறுதி ஆட்டத்துக்கு மறுபடி அவர்களும் நாங்களும். பத்தாயிரம் சனம் என்று வையுங்கள். ஆட்டம் மறுபடியும் சமநிலை. மறுபடியும் பந்து ரூபனிடம் உருண்டு வருகிறது. பின்னால் எங்கள் ஆள் ஓடிவருகிறான். மாஸ்டர் கோட்டோரம் நின்று கத்தினார்: "விட்டுக் குடு!"

பரா அண்ணை தலையில் கையை வைத்துவிட்டார். "ஐயோ, திரும்பவும் வித்துப்போட்டார்!" என்று கத்தினார். எதிரணிக் காவலர்களும் தமிழர்கள்தானே. போன வருஷத்துச் சொல்லும் அதன் அர்த்தமும் இப்போது அவர்களுக்கு நல்ல பாடம். ரூபன் பந்தை விடப்போகிறான் என்று அவனைத் தனியே விட்டுவிட்டு, பின்னால் வந்த எங்கள் ஆளை மறிக்க எல்லோரும் ஓடினார்கள். ரூபன் விடவில்லை. ஓங்கி அடித்தான். வலை கிழியாதது வலைக்காரனின் கெட்டித்தனம். கிண்ணம் எங்களுக்கு.

கொண்டாட்டத்தில் ரூபனைப் பிடித்து விசாரித்தேன். லண்டனில் பிறந்து வளர்ந்த பிள்ளை.

"அங்கிள், வீட்டில அம்மா எப்பவும், 'தம்பிக்கு விட்டுக் குடு, தம்பிக்கு விட்டுக் குடு' எண்டுதான் சொல்லுவா. போன வருஷம் கோச்சும் அதைக் கத்தினார். நைஸா இருக்கச் சொல்லுறார் எண்டு நினைச்சன்."

"அட பாவி! இந்த வருஷம்?"

"கோச் என்னட்ட மட்டும் சொன்னவர். 'நான் விட்டுக் குடு எண்டு கத்தினா நீ அடி. வேற ஒருத்தருக்கும் தெரியாது' எண்டு."

போன வருஷம் பிழை ரூபனுடையது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மாஸ்டரின் பெயர் தப்பியிருக்கும். ஏன் சொல்லவில்லை என்று நான் அவரிடம் கேட்டேன். "தாய் சொல் கேட்டு நடந்த பிள்ளையை எப்பிடியடா குற்றம் சொல்லுறது?" என்றார். கிண்ணத்தை அவர் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. அந்தப் புதன்கிழமையும் சட்டன் ரயிலில் ஏறினார்.

ஐப்பசியில், தேத்தண்ணி குடித்துவிட்டுக் கதிரையில் சாய்ந்தவர் எழும்பவில்லை. அடக்கம் முடிந்து வந்த முதல் புதன், ரெஜினா அந்த மூடிப் பையை என்னிடம் தந்தாள். நான் கடையைச் சாத்திவிட்டுச் சட்டனுக்குப் போனேன்.

கனகர் என்னைக் கண்டதும் மேசையைக் காட்டினார். நீல மூடிகளை நான் அடுக்கினேன். பச்சையை அவர் அடுக்கினார். இடையில் நான் ஒரு மூடியை வேண்டுமென்றே பிழையாக நகர்த்தினேன். அவர் என் கையைத் தட்டிவிட்டார்.

"வேண்டாம்" என்றார். அவருக்குச் சொற்கள் ஒவ்வொன்றாகத்தான் வரும்; நான் சேர்த்து எழுதுகிறேன். "அவனும் உப்பிடித்தான். ஒவ்வொரு புதனும் எனக்கு விட்டுக் குடுத்தவன். நான் தெரியாத மாதிரி இருந்தனான். அவனுக்கு அது சந்தோஷம்."

நான் நகர்த்திய மூடியைப் பழைய இடத்தில் வைத்தேன்.

"பைனலுக்கு முந்தின புதன் அவன் இதில இருந்துகொண்டு சொன்னவன். 'கனகு, இந்த முறை விட்டுக் குடு எண்டு கத்துவன். பெடியன் விடமாட்டான், அடிப்பான்' எண்டு."

என் கையில் இருந்த கடலைப்பருப்பு கீழே விழுந்தது. வேறு ஒருத்தருக்கும் தெரியாது என்று ரூபனுக்குச் சொன்ன மனுசன், எதிராளியின் வீட்டில் இருந்துகொண்டு எதிராளியிடமே சொல்லியிருக்கிறார்! பரா அண்ணை சந்தேகப்பட்டது நூற்றுக்கு நூறு சரி!

"நீங்கள் சுதனிட்டச் சொல்லேல்லையோ?" என்று கேட்டேன்.

"நான் ஏன் சொல்லுறன்?" கனகரின் வாய் ஒரு பக்கத்தால் சிரித்தது. "எத்தினை புதன் அவன் எனக்கு விட்டுக் குடுத்தவன். நானும் ஒருக்கா விட்டுக் குடுத்தன்."

இதையெல்லாம் எழுதலாமா என்று கேட்டேன். மாஸ்டருக்குக் கொடுத்த வாக்கு இருக்கிறதே. கனகர் நீல மூடிகளைப் பார்த்தார். "அவன் இல்லை. இனி எழுது. என்ர வாய், கை எல்லாத்தையும் எழுது. நான் தோத்ததாய் மட்டும் எழுதாதை" என்றார்.

வருகிற வழியெல்லாம் ரயிலில் இதே யோசனைதான். மாஸ்டர் உண்மையிலேயே அந்த ரகசியத்தைச் சொன்னாரா? சொன்னால், கனகர் மகனிடம் சொல்லமாட்டார் என்று நம்பிச் சொன்னாரா? வாழ்நாள் முழுக்க ஒருவரையும் நம்பாத மனுசன், நம்புவதற்கு இந்த ஒரு ஆளையா தேர்ந்தெடுத்தார்? இல்லை, மாஸ்டர் ஒன்றுமே சொல்லவில்லை. நாங்கள் வென்ற கிண்ணத்தையும் தான் கொடுத்ததாக்கிக்கொள்ளக் கனகர் விட்ட கதையா இது? செங்கமாரிக்கு இளநீர் அனுப்பிய ஆள் அல்லவா அவர்!

மாஸ்டரிடமிருந்து என்னிடம் இருப்பது இவ்வளவுதான்: ஒரு பை நிறைய நீலமும் பச்சையுமான பால் மூடி, புதன்கிழமைகள், பிறகு இந்தச் சந்தேகம். சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள அவர் சொல்லித் தந்த வழியை நான் மறக்கவில்லை. கனகர் அந்தக் கதையைச் சொல்லும்போது நான் முகத்தைப் பார்க்கவில்லை. நேரே இடுப்பைத்தான் பார்த்தேன்.

மடியில் போர்வை போட்டிருந்தார்.